விரதம் முடிந்த மறுநாள்

தைப்பூசத்துக்குப் பாரிட் புந்தார்க்காரர்கள் பலர் பினாங்குத் தண்ணீர்மலைக்குப் போவார்கள், சிலர் ஈப்போ கல்லுமலைக்கு. வேண்டுதல் உள்ளவர்கள் ஒரு மண்டலம் விரதம் இருப்பார்கள். 48 நாள் கவிச்சி இல்லை, மெத்தை இல்லை, தண்ணியும் இல்லை. குடிக்கிற ஆள் இருக்கும் வீட்டில் வருடத்திலேயே நிம்மதியான நாட்கள் அவைதாம். காவடி இறங்கி, மொட்டையில் பூசிய சந்தனம் காய்ந்த மறுநாள் ஆள் பழைய கடைக்கு முன்னால் நிற்பார். "சாமிக்காக 48 நாள் விட்டவருக்கு, பெத்த பிள்ளைக்காக ஒரு வாரம் விட முடியலையா?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டு: அந்த 48 நாளும் அவர் எப்படி இருந்தார்?

யோசித்துப் பார்க்கச் சொன்னால் சொல்வார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். சோறு இறங்கவில்லை. பிள்ளைகளிடம் பேச்சில்லை. மின்னல் வானொலியில் பழைய பாட்டுப் போட்டால்கூட எழுந்து போய்விட்டார். "விரதத்துல இருக்காரு, அதான் அமைதியா இருக்காரு" என்று வீட்டில் எடுத்துக்கொண்டார்கள். குடி விலகிய அந்த ஒன்றரை மாதத்தில், குடிக்கு அடியில் கிடந்த நோய் பட்டப்பகலில் வெளியே வந்து நின்றது. பக்தி என்று பெயர் வைத்துவிட்டதால் யார் கண்ணிலும் படவில்லை. (இவர் குறிப்பிட்ட ஓர் ஆள் இல்லை. பல வீட்டுக் கதைகளைச் சேர்த்து நான் உண்டாக்கிக்கொண்டவர். நாற்பது வயதைத் தாண்டியவர், லாரி ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கட்டுரை முடியும்வரை நம்மோடு வருவார்.)

குடியும் மனநோயும் ஓர் ஆளிடம் சேர்ந்திருப்பது அபூர்வமே இல்லை. அமெரிக்காவில் 20,000 பேருக்கு மேல் நேரில் கேட்டு நடத்திய ஓர் ஆய்வின் முடிவு 1990இல் வெளிவந்தது. குடிநோய் உள்ளவர்களில் 37 விழுக்காட்டினருக்கு வாழ்நாளில் ஏதாவது ஒரு மனநோயும் இருந்தது. மற்ற போதைப்பொருள்களுக்கு அடிமையானவர்களில் அது 53 விழுக்காடு. மறுபக்கமாக, மனநோய் உள்ளவர்களில் 29 விழுக்காட்டினருக்குக் குடியோ போதையோ கூடவே இருந்தது. நம் நாட்டில் 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு நோய் இருப்பதாகச் சொன்னது. 2019இல் அது 2.3 ஆக இருந்தது. நாலே வருடத்தில் இரட்டிப்பு.

எது முதலில் வந்தது என்று கேட்டால் மூன்று விதமாகவும் நடக்கும். தூக்கமில்லாதவர் தூக்கத்துக்காகக் குடிக்கத் தொடங்குவார். முதல் வாரம் தூக்கம் வரும். அடுத்த மாதம் அதே தூக்கத்துக்கு இரண்டு மடங்கு வேண்டியிருக்கும். போதை இறங்கும் விடிகாலையில் நெஞ்சு படபடவென்று அடித்து எழுப்பிவிடும். இன்னொருவருக்குக் குடியே மனச்சோர்வைக் கொண்டுவரும். மது மூளையை மந்தப்படுத்தும் பொருள்; வருடக்கணக்கில் ஊற்றினால் மனசும் மந்தமாகும், அதோடு கடன், சண்டை, வேலை போவது எல்லாம் சேர்ந்துகொள்ளும். மூன்றாவது வகையில் இரண்டுக்கும் ஒரே வேர்: அப்பாவிடமிருந்து வந்த மரபணு, சிறுவயதில் வாங்கிய அடி, பார்த்த சாவு. பல வருடம் கழித்துப் பார்க்கும்போது மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். எந்த இழை முதலில் என்று பிரித்துச் சொல்ல நோயாளிக்கே தெரியாது.

நம் ஊருக்கு இதில் ஒரு பழைய கணக்கு உண்டு. பாரிட் புந்தார் இருக்கும் கிரியான் வட்டாரம் இன்று நெல்வயலுக்குப் பேர்போனது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே கரும்புத் தோட்டங்கள் இருந்தன. கூலா என்ற ஊர்ப்பெயருக்கே சர்க்கரை என்றுதான் பொருள். கரும்புக்கு நம் ஆட்களைக் கொண்டுவந்தார்கள், கரும்பு போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. இந்த நாட்டுத் தோட்டங்களில் லயங்களுக்குப் பக்கத்திலேயே கள்ளுக்கடை நடந்தது, துரைமார் ஏற்பாட்டில். சம்பளம் வாங்கிய கை அதே தோட்டத்தில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தது. நம் ஆட்கள் இதை வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டவற்றில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. போர் முடிந்தபின் கெடாவில் பீடோங் பக்கம் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை 1947இல் கள்ளுக்கடைகளுக்கு எதிராகவே மறியலில் இறங்கியது. பின்னால் கள்ளின் இடத்தை மலிவுச் சாராயமான சம்சு பிடித்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு ஆட்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் போனபோது லயம் போனது, கோயில் போனது, சம்சு கூடவே போனது.

இத்தனை போராட்டத்திலும் ஒன்று விட்டுப்போயிற்று. கடையை மூடினார்கள், ஒழுக்கத்தைப் பேசினார்கள். குடித்தவன் மனசுக்குள் என்ன நடந்தது என்று கேட்க ஒருவரும் இல்லை. கேட்கும் தொழிலைச் செய்கிற இடம் அப்போது நம் பேராக் மாநிலத்தில் ஒன்றுதான்: 1911இல் ஈப்போவுக்குப் பக்கத்தில் தொடங்கிய தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரி. இன்று அதன் பெயர் ஹாஸ்பிட்டல் பஹாகியா, மகிழ்ச்சி என்று பொருள். பெயர் மாறி இத்தனை காலமாகியும் "உன்னத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்பது இன்னும் நம் வீடுகளில் சிரிப்பு மூட்டுகிற வாக்கியம். அந்தச் சிரிப்புதான் பல பேரை மனநல மருத்துவரிடம் போகவிடாமல் தடுக்கிறது என்பது என் கட்சி.

போதைப்பொருளுக்கு வேறு வாசல் வைத்தார்கள். 1983இல் அரசாங்கம் டாடாவை, அதாவது போதைப்பொருளை, நாட்டின் முதல் எதிரி என்று அறிவித்தது. போதைக்கு அடிமையானவர்களின் சிகிச்சைக்கென்று அதே ஆண்டில் தனிச் சட்டம் வந்தது. கட்டாய மறுவாழ்வு மையங்களில் இரண்டு வருடம் அடைத்து வைப்பது அதன் வழியாக இருந்தது. தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனம், மக்கள் வாயில் ஏஏடிகே, இன்றும் உள்துறை அமைச்சின் கீழ்தான் இருக்கிறது. மனநோய் சுகாதார அமைச்சைச் சேர்ந்தது. ஒருவர் மூளையில் பாதி ஓர் அமைச்சுக்கும் மீதிப் பாதி இன்னோர் அமைச்சுக்கும் போனது மாதிரி. குடிக்கோ அந்த நிறுவனத்தின் கணக்கில் இடமே இல்லை. அந்தச் சட்டம் டாடாவுக்காக எழுதியது. நிலைமை முழுக்க அப்படியே இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். 2005இல் சுகாதார அமைச்சு ஹெராயினுக்கு அடிமையானவர்களுக்கு மெத்தடோன் சிகிச்சையைத் தொடங்கியது. 2010இலிருந்து ஏஏடிகேயும் தானாக வருகிறவர்களுக்கென்று கிளினிக்குகள் திறந்தது. ஆனாலும் இரண்டு வாசலுக்கு நடுவில் நிற்கிற நோயாளியிடம் இரண்டு பக்கமும் சொல்லப்படுவது பழைய பல்லவிதான். இந்தப் பக்கம் போனால் "முதல்ல குடிய நிறுத்திட்டு வாங்க, அப்புறம் மனசப் பார்க்கலாம்". அந்தப் பக்கம் போனால் "முதல்ல மனசுக்கு மருந்து எடுத்துட்டு வாங்க". நம் லாரிக்காரர் இரண்டு இடத்திலும் தலையாட்டிவிட்டு மூன்றாவது இடத்துக்குப் போவார். அந்தக் கடை சாயங்காலம் ஆறு மணிக்கு நன்றாகவே திறந்திருக்கும்.

முதலில் ஒன்று, பிறகு மற்றது என்ற இந்த வரிசையில் என்ன பிழை என்பதை ஓர் ஆய்வு அழகாகக் காட்டுகிறது. பென்சில்வேனியாவில் குடிநோயும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 170 பேரை எடுத்துக்கொண்டார்கள். எல்லாரும் வீட்டிலிருந்தே வந்துபோனவர்கள், எல்லாருக்கும் வாரா வாரம் பேச்சு சிகிச்சை, 14 வாரம். ஒரு குழுவுக்கு மனச்சோர்வு மாத்திரை மட்டும், ஒன்றுக்குக் குடி ஆசையைக் குறைக்கும் மாத்திரை மட்டும், ஒன்றுக்கு வெற்று மாத்திரை, ஒன்றுக்கு இரண்டும் சேர்த்து. 2010இல் முடிவைச் சொன்னார்கள். இரண்டும் சேர்ந்த குழுவில் 54 விழுக்காட்டினர் குடிக்காமல் இருந்தார்கள். மற்ற மூன்று குழுக்களிலும் 21இலிருந்து 28 விழுக்காட்டுக்குள்தான். ஒன்றை மட்டும் கொடுத்தது, வெற்று மாத்திரை கொடுத்ததற்கு ஏறக்குறையச் சமம்! சிறிய ஆய்வுதான், இதை வைத்து எல்லாருக்கும் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்குக் காட்ட இதைவிடத் தெளிவான கணக்கு எனக்குத் தெரியாது.

சேர்த்துப் பார்ப்பது என்றால் நடைமுறையில் என்ன? முதல் நாளை எடுத்துக்கொள்வோம். கிளினிக்கில் யாரும் வந்து "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்வதில்லை. "மண்டை பாரமா இருக்கு டாக்டர்", "நெஞ்சுல ஏதோ அடைக்குது", "ஒடம்பெல்லாம் வலி, வேலைக்கு எம்சி வேணும்" என்றுதான் வருவார்கள். விவரம் தெரிந்த மருத்துவர் இரண்டு சின்னத் தாள்களை எடுப்பார். ஒன்றில் குடியைப் பற்றிப் பத்துக் கேள்விகள், உலக சுகாதார நிறுவனம் தயாரித்தது: எத்தனை நாளைக்கு ஒருமுறை, உட்கார்ந்தால் எவ்வளவு, காலையில் எழுந்ததும் தேவைப்படுகிறதா, முந்தின ராத்திரி நடந்தது மறந்துபோயிருக்கிறதா. மொத்தம் 40 மதிப்பெண். 8ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும், 20ஐத் தொட்டால் அடிமைப்பட்டிருக்கலாம். இன்னொன்றில் மனசைப் பற்றி ஒன்பது கேள்விகள்: போன இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் எத்தனை நாள், தூக்கம் எப்படி, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா. இரண்டு தாளும் ஒரே நாளில், ஒரே மேசையில் நிரப்பப்பட வேண்டும். சிகிச்சை சேர்ந்து நடக்கப்போகிறது என்பதற்கு முதல் அடையாளம் அது.

"கொஞ்சம்தான் டாக்டர்" என்பதற்கும் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 10 கிராம் சுத்த மது ஓர் அளவு. 320 மில்லி பீர் டின் ஒன்றில் சுமார் 12 கிராம் இருக்கும். 40 விழுக்காடு காரமுள்ள மதுவில் 150 மில்லி எடுத்தால் 47 கிராம், அதாவது கிட்டத்தட்ட நாலு டின் பீர். "நான் பீரெல்லாம் தொடறதில்ல, சின்ன போத்தல் ஒண்ணுதான்" என்று பெருமையாகச் சொல்கிறவர்களுக்காக இதைப் போட்டேன்.

அடுத்து நான் பெரிதும் மதிக்கிற ஒரு வேலை. மருத்துவர் ஒரு வெள்ளைத் தாளில் குறுக்கே ஒரு கோடு போடுவார். இந்தக் கோடிதான் பிறந்தது, அந்தக் கோடி இன்றைக்கு. கோட்டுக்கு மேலே குடி: முதல் டின் எப்போது, தினமும் ஆனது எப்போது, நிறுத்திய நாட்கள் எவை. கோட்டுக்குக் கீழே மனசு: தூக்கம் கெட்டது, அழுகை வந்தது, யாரோ கூப்பிடுவது மாதிரி குரல் கேட்டது. நடுவில் வாழ்க்கை: பள்ளிக்கூடம், கல்யாணம், தோட்டம் மூடியது, அம்மா இறந்தது. நம் லாரிக்காரரின் கோட்டில் அவர் இதுவரை இருந்த மூன்று தைப்பூச விரதங்களும் வரும். மேலே வெறுமையாக இருக்கும் அந்த 48 நாட்களுக்கு நேர் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தால் பாதி நோய் பிடிபட்டுவிடும். குடியால் வந்த மனச்சோர்வு பெரும்பாலும் குடியை விட்ட மூன்று நாலு வாரத்தில் வடிந்துவிடும். அதற்கப்புறமும் நின்றால் அது தனி நோய், அதற்குத் தனி மருந்து. இதற்காகவே முன்பெல்லாம் நாலு வாரம் காத்திருங்கள் என்று சொல்வார்கள். இப்போது அவ்வளவு கண்டிப்பாகக் காக்க வைப்பதில்லை. முன்பு குடிக்காத காலத்திலும் சோர்வு இருந்தது தெரிந்தாலோ, சாகத் தோன்றுகிறது என்று சொன்னாலோ முதல் வாரத்திலேயே தொடங்குகிறார்கள். நம்மவர் கோட்டில் சாட்சி மூன்று வருடமாக இருக்கிறது.

விரதத்தைப் பற்றி இங்கே ஓர் எச்சரிக்கை, இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். தினமும் காலையிலிருந்து குடிக்கிற ஆள் விரதம் தொடங்கும் நாளில் சட்டென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்து கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நாலாவது நாளுக்குள் சிலருக்கு நினைவு தடுமாறும், சுவரில் பூச்சி ஊர்வது தெரியும், இல்லாத ஆளோடு பேசுவார்கள், காய்ச்சல் அடிக்கும். வீட்டில் இதைப் பார்த்துச் "சாமி வந்துருச்சு" என்றோ "யாரோ செய்வினை வச்சுட்டாங்க" என்றோ பூசாரியைக் கூப்பிடப் போவார்கள். கூப்பிட வேண்டியது ஆம்புலன்சை. 999. பாரிட் புந்தாரில் மாவட்ட ஆஸ்பத்திரி இருக்கிறது, அவசரப் பிரிவுக்குப் போங்கள். லேசான நடுக்கமும் வியர்வையும்தான் என்றால், வீட்டில் துணைக்கு ஆள் இருந்தால், ஒரு வாரத்துக்குப் படிப்படியாகக் குறைக்கும் மாத்திரையோடும் பி1 உயிர்ச்சத்தோடும் வீட்டிலிருந்தே நிறுத்த முடியும். முன்பு வலிப்பு வந்தவர், கர்ப்பிணி, ஈரல் கெட்டவர், தற்கொலை எண்ணம் உள்ளவர், தனியாக இருப்பவர் ஆகியோரை ஆஸ்பத்திரியில் சேர்க்கத்தான் வேண்டும். வீட்டுச் சிகிச்சை எல்லாருக்கும் பொருந்தும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒரே குழு பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு மருந்துகளும் காரணம். குடி ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் நல்ல மருந்து. ஆனால் ஹெராயினுக்காக மெத்தடோன் குடித்துக்கொண்டிருப்பவருக்கு அதைக் கொடுத்தால் சில நிமிடங்களில் வாந்தி, பேதி, துடிப்பு என்று ஆளைப் புரட்டிப்போட்டுவிடும். தூக்க மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் மூச்சு அடங்கும். மெத்தடோனும் தூக்க மாத்திரையும் சேர்ந்தாலும் அதே கதை. இரண்டு கிளினிக்கில் இரண்டு அட்டை வைத்திருக்கும் நோயாளிக்கு, ஓர் இடத்தில் கொடுத்தது இன்னோர் இடத்துக்குத் தெரியாமலே எழுதப்படும். டைசல்ஃபிராம் என்று ஒரு மாத்திரை உண்டு. அதைப் போட்டபின் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து ஆள் சுருண்டுவிடுவார். சந்தேகம், பிரமை போன்ற மனநோய் உள்ளவர்களுக்கு அது நோயையே முடுக்கிவிடலாம். "அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், குடியை மறந்துவிடுவார்" என்று தமிழில் எத்தனை விளம்பரம் பார்த்திருப்பீர்கள்! அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. கலந்து கொடுக்காதீர்கள். விஷயம் தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் போட வேண்டிய மாத்திரை அது.

சியாபு எனப்படும் மெத்தம்ஃபெட்டமினின் கதை வேறு. இன்று நம் நாட்டில் ஹெராயினைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது அதுதான். ராத்திரி ஓட்டம் ஓட்டுகிற லாரிக்காரருக்குக் கண் மூடாமல் இருக்க என்று யாரோ நீட்டுவார்கள். இரண்டு மூன்று நாள் தூக்கமில்லாமல் போனால் பின்னால் கார் துரத்துகிறது, பொண்டாட்டி வேறு யாரோடோ பேசுகிறாள் என்று சந்தேகம் கிளம்பும், கையில் கத்தி வரும். போலீஸ் வரும். இது பெரும்பாலும் போதை இறங்கிச் சில நாளில் தணிகிற பிரமை. ஒரு மாதமாகியும் தணியாவிட்டால் தனி மனநோயாக இருக்கலாம், விடாமல் பார்க்க வேண்டும். சியாபு ஆசையை அறுக்க ஹெராயினுக்கு மெத்தடோன் மாதிரி நிலைத்த மருந்து ஒன்றும் இன்னும் இல்லை. பேச்சு சிகிச்சையும், சிறுநீர்ச் சோதனை சுத்தமாக இருந்தால் சிறு பரிசு என்ற முறையும்தான் பலன் தருவதாகத் தெரிகிறது. வடக்கே நமக்குப் பழக்கமான கெத்தும் இலை நீரையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஹெராயினை விடத்தான் குடிக்கிறேன் என்று பலர் சொல்வார்கள், உண்மையாகவும் இருக்கலாம். மறைத்தால் மருந்துக் கணக்கு தப்பும்.

மெத்தடோன் கொடுக்கும் சன்னல் எப்படியிருக்கும் என்று கொஞ்சம் பாருங்கள், நான் சொல்ல வருவது புரியும். காலையில் வரிசை. பெயர் சொன்னதும் மருந்தகப் பணியாளர் அட்டையைப் பார்த்து, சின்னப் பிளாஸ்டிக் கோப்பையில் மருந்தை அளந்து ஊற்றுவார். அவர் கண் முன்னாலேயே குடிக்க வேண்டும். அதே கோப்பையில் தண்ணீர் ஊற்றி அலசி அதையும் குடிக்க வேண்டும். பிறகு ஒரு வார்த்தை பேச வேண்டும். "தேரிமா காசே" போதும். வாயில் அடக்கி வைத்து வெளியே போய்த் துப்பி விற்கவில்லை என்பதற்கான சோதனை அது. அவநம்பிக்கையால் பிறந்த ஏற்பாடுதான். ஆனால் அதில் ஒரு வரம் ஒளிந்திருக்கிறது. ஓர் ஆள் ஒரு முகத்தை மாதக்கணக்கில் தினமும் பார்க்கிறார், தினமும் ஒரு வார்த்தை கேட்கிறார். நேற்றுச் சிரித்தவர் இன்று சட்டை பட்டனைக்கூடச் சரியாகப் போடாமல் வந்திருந்தால் அந்தப் பணியாளருக்குத் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் பார்க்கிற நிபுணருக்கு அது தெரியாது. அந்தச் சன்னலிலிருந்து மனநல அறைக்கு ஒரே கட்டடத்தில் பத்தடி நடந்தால் போதும் என்று ஆக்கிவிடுவதுதான் சேர்ந்த சிகிச்சை, வேறொன்றுமில்லை.

வீட்டுக்கும் இதில் வேலை உண்டு, அதைச் சென்னையில் ஒருவர் காட்டிக்கொடுத்தார். டாக்டர் சாந்தி ரங்கநாதன் குடியால் கணவரை இழந்தவர். 1980இல் அவர் தொடங்கிய டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம், டி.டி.கே. ஆஸ்பத்திரி என்று நமக்குத் தெரிந்த இடம், குடிப்பவரோடு குடும்பத்துக்கும் தனியாகச் சிகிச்சை வைத்தது. பிறகு ஆஸ்பத்திரியைவிட்டு வெளியே வந்து மஞ்சக்குடி கிராமத்தில் முகாம் போட்டார்கள். குடிப்பவரை ஊரைவிட்டுப் பிரிக்காமல், ஊர்க்காரர்களை அருகில் வைத்துக்கொண்டே நடந்த சிகிச்சை. "குடிகாரன்" என்ற சொல்லைக் "குடிநோயாளி" என்று மாற்றிப் பேசுகிறவர்கள் இப்போது உண்டு. சொல் மாறினால் நோய் போய்விடாது, ஆனால் வசைச்சொல்லோடு கிளினிக்குக்கு யாரும் வருவதில்லை.

வீட்டுக்காரம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. போத்தலை அரிசி வாளிக்குள் ஒளித்து வைப்பதும், முதலாளிக்குப் போன் போட்டு "அவருக்குக் காய்ச்சல்" என்பதும், பாதி ராத்திரி மோட்டார் சைக்கிள் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பதும் வருடக்கணக்கில் நடந்தால் அவருக்கும் நோய் வரும். பலருக்கு வந்திருக்கிறது, தூக்க மாத்திரையில் ஓடுகிறது. "நீங்க எப்படி இருக்கீங்க அக்கா?" என்று கேட்காத கிளினிக் பாதி வேலைதான் செய்கிறது. அவர் பெயரிலும் ஓர் அட்டை போடச் சொல்லுங்கள்.

மறுபடி குடித்துவிட்டால்? குடிப்பார்கள், பெரும்பாலானவர்கள் ஒருமுறையாவது. சர்க்கரை நோயாளி தீபாவளிக்குப் பலகாரம் சாப்பிட்டுவிட்டு வந்தால் இன்சுலினை நிறுத்துகிறோமா? அன்றைக்கு வெட்கப்பட்டுக் கிளினிக்குக்குப் போகாமல் இருப்பதுதான் பெரிய சேதம். குடித்துவிட்டோம் என்று மனச்சோர்வு மாத்திரையையும் தாமாகவே நிறுத்திவிடுவது அடுத்த சேதம். அந்த மாத்திரை வேலை செய்யவே இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும். பத்தாவது நாளில் "ஒண்ணும் கேக்கல" என்று தூக்கிப் போடுகிறவர்கள் நிறைய. மாத்திரையைப் போட்டபடியே கிளினிக்குக்குப் போய், குடித்ததைச் சொல்லுங்கள். எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்று மருத்துவர் சொல்வார்.

பயம் ஒன்று மிச்சமிருக்கும்: போனால் பிடித்துக் கொடுத்துவிடுவார்களா? குடித்ததற்காக உங்களை எந்தக் கிளினிக்கும் பிடித்துக் கொடுக்காது. போதைப்பொருள் பழக்கத்துக்கு, தானாக வந்து சிகிச்சை கேட்கிறவருக்கு 1983 சட்டத்திலேயே இடம் இருக்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆம் பிரிவை 2023இல் நீக்கிவிட்டார்கள், ஆகவே அதையும் மறைக்க வேண்டியதில்லை. பேச மட்டும் ஆள் வேண்டும் என்றால் சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. மனநல மருத்துவர் தேவைப்பட்டால் அரசாங்க கிளினிக்கிலிருந்து லெட்டர் வாங்கிக்கொண்டு தைப்பிங் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். ஆற்றைத் தாண்டிப் பினாங்கு மாநிலத்துக்குப் போனால், அங்கே செபராங் ஜெயா ஆஸ்பத்திரி இருக்கிறது. சுகாதாரம் மத்திய அரசாங்கத்தின் பொறுப்பு, மாநில எல்லை நோயாளியைத் தடுக்காது. லாரி எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் கேட்டுப் பாருங்கள்.

அடுத்த தைப்பூசத்துக்கு விரதம் இருக்க நினைக்கிறவர், அல்லது அவர் வீட்டார், காப்புக் கட்டுவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே கிளினிக்குக்கு ஒரு நடை போய், தினமும் எவ்வளவு குடிக்கிறார் என்பதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். விரதத்தில் இருக்கும்போது நாலாவது வாரம் இன்னொரு நடை போய், தூக்கம் எப்படி, சோறு இறங்குகிறதா என்று சொல்லுங்கள். ஐ.சி.யை எடுத்துக்கொண்டு போனால் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி.